‘வீட்ல அம்மாவைப் பாத்துக்கணும்’: ஊழியர் இப்படிச் சொன்னால் அலுவலகம் என்ன செய்யலாம்?

நோயாளியையோ, முதியவரையோ, மாற்றுத்திறனாளிப் பிள்ளையையோ வீட்டில் கவனித்துக்கொண்டே வேலைக்கும் வருகிறவர்களுக்கு அரசுத் தாள்களில் ‘பராமரிப்பாளர்’ என்று பெயர். அலுவலகத்தில் யாரும் அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொள்வதில்லை. பராமரிப்பு என்றால் நம் காதில் விழுவது மெஷின் பராமரிப்புதான். நான் ஹெச்ஆர் வேலைக்கு வந்த புதிதில், பணியாளர் விவரப் படிவத்தில் ‘நீங்கள் பராமரிப்பாளரா?’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். நூற்றுச் சொச்சம் பேரில் ‘ஆம்’ போட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் எங்கள் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்பவர்.

சிறிய, நடுத்தர நிறுவனங்களில் புதிதாக ஹெச்ஆர், சூப்பர்வைசர், டீம் லீடர் பொறுப்புக்கு வந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளில் எல்லாவற்றுக்கும் அச்சடித்த கொள்கை இருக்கும். இருபது பேரோ இருநூறு பேரோ வேலை செய்து, முதலாளி மாடியில் உட்கார்ந்திருக்கும் இடங்களில் கொள்கை என்பது நீங்கள்தான்.

இது ஓரிருவர் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேரும் ஆண்களில் 21.4 சதவீதம் பேரும் வீட்டில் யாரையாவது கவனித்துக்கொள்கிறார்கள். குழந்தை வளர்ப்பும் இதில் சேர்த்திதான். அப்படிக் கவனிக்கும் பெண்களுக்கு ஒரு நாளில் 140 நிமிடம் இதில் போகிறது, ஆண்களுக்கு 74 நிமிடம். முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு. 2031-ல் இங்கே நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்பது அரசின் மதிப்பீடு.

முதல் படி: வருகைப் பதிவேட்டைப் படியுங்கள்

எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு பெண். ஜிஎஸ்டி வேலை முழுக்க அவர் கையில். மூன்று மாதமாக அடிக்கடி லேட், அடிக்கடி ஹாஃப் டே. நான் மெமோ அடித்துக் கொடுத்தேன். ‘சரிங்க மேடம்’ என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் சம்பளத்துக்காகப் பதிவேட்டைக் கூட்டும்போதுதான் கண்ணில் பட்டது. தாமதம் எல்லாமே செவ்வாய், வியாழன், சனி. மற்றக் கிழமைகளில் ஒரு நிமிஷம் பிந்தவில்லை. சோம்பேறிக்குக் கிழமை தெரியாதே! வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் என்றால் அது டயாலிசிஸ். விடியற்காலை முதல் ஷிப்டில் அப்பாவை மெஷினில் போடுவார்கள். முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும் வரை பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு ஆட்டோ பிடித்து வீட்டில் விட்டு, கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் அந்தப் பெண் பஸ் ஏறியிருக்கிறார். பதினொன்றுக்கு வந்தவருக்கு நான் கொடுத்தது மெமோ.

அன்று முதல் பதிவேட்டை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவ் என்றால் கீமோவாக இருக்கலாம். பல மருந்துகளுக்கு 21 நாள் சுற்று. குறிப்பிட்ட ஒரு கிழமை காலை மட்டும் காணவில்லை என்றால் ஜிஹெச்சில் ஓபி சீட்டு வாங்க நிற்கிறார். பிற்பகலில் அடிக்கடி பர்மிஷன் கேட்பவருக்குப் பிள்ளையை தெரபிக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கலாம். ஆறு மணிக்கு மேல் ஓவர்டைம் என்றால் முகம் மாறுகிறவர் வீட்டில் மறதி நோய்க்காரர் இருக்கலாம். அந்த நோயில் சாயங்காலம் இருட்டத் தொடங்கும் நேரத்தில்தான் பலருக்குத் தடுமாற்றம் கூடும்.

எல்லாம் ‘இருக்கலாம்’தான். கண்டுபிடித்துவிட்டேன் என்று போய் நிற்காதீர்கள். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொள்ள மட்டுமே இது.

இரண்டாம் படி: பேச்சைத் தொடங்குவது

கண்ணாடி கேபினுக்குள் கூப்பிட்டால் வெளியே எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். டீ நேரம் முடிந்து கேன்டீன் காலியானபின் பேசுங்கள். காரணத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் கணக்குப் பிரிவுப் பெண்ணிடம் நான் பேசியது ஏறக்குறைய இப்படி:

“இந்த மூணு நாளும் காலைல உங்களுக்கு நேரம் ரொம்ப இறுக்கமா இருக்கும் போல தெரியுதுங்க. என்ன ஏதுன்னு சொல்லணும்னு இல்ல. அந்த நாள்ல மட்டும் பதினொரு மணிக்கு வந்து ஏழு மணி வரைக்கும் இருந்தா உங்களுக்குச் சரியா வருமா?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏழு மணி வேணாங்க மேடம், அம்மா தனியா இருப்பாங்க. சாப்பாட்டு நேரத்தைக் குறைச்சுக்கறேன்” என்றார். அதன்பிறகுதான் அப்பாவைப் பற்றி அவராகச் சொன்னார்.

கேட்க வேண்டியவை நான்கே: எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம், அவசரமென்றால் உங்களுக்குத் தகவல் எப்படி வரும், அந்த நேரத்தில் உங்கள் வேலையை யார் பார்க்க முடியும். ‘வீட்ல வேற யாரும் இல்லையா?’, ‘அண்ணன் என்ன பண்றாரு?’, ‘ஹோம்ல சேத்துடலாமே?’ இவற்றையெல்லாம் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இதைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர்கள் அவர்கள்.

ஆண்களிடம் இன்னும் பொறுமை வேண்டும். லேத்தில் வேலை பார்த்த ஒருவர் மாதம் மூன்று தடவை ‘பைக் பஞ்சர்’ என்பார். பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டு வருகிறார் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவைக் குளிப்பாட்டினேன் என்று லைனில் நின்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

படிவத்தில் நான் வைத்த கேள்வியையும் மாற்றினேன். ‘உங்களை நம்பி வீட்டில் யாராவது படுக்கையிலோ தொடர் சிகிச்சையிலோ இருக்கிறார்களா? அவசரத்துக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்களா?’ அந்த வருடம் ‘ஆம்’ என்ற பதிலை எண்ண இரண்டு கையும் போதவில்லை. தெரிந்துகொண்டதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் ‘எல்லோரும் பிரார்த்திப்போம்’ என்று போடுவதற்கும் அவரைக் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: சட்டம் தருவதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெற்றோரைப் பிள்ளைகள் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று 2007-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதற்காக வேலையிலிருந்து ஒரு மணி நேரம் விடுவிக்கச் சொல்லி அந்தச் சட்டத்தில் எதுவும் இல்லை. தனியார் ஊழியருக்குப் பெற்றோரைக் கவனிக்க என்று தனி விடுப்பும் கிடையாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே வருடத்துக்கு ஒரு வாரம் இதற்கென்று எடுக்கலாம். அங்கேயும் அது சம்பளமில்லா விடுப்புதான்.

நம் கையில் இருப்பது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பளத்துடன் விடுமுறை. அதுபோகச் சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே 12 நாள் நோய் விடுப்பும் 12 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. நோய் விடுப்பு ஊழியருக்கே உடம்பு சரியில்லாதபோதுதான். தற்செயல் விடுப்புக்குத் ‘தகுந்த காரணம் எதுவும்’ போதும். அம்மாவின் ஸ்கேனை விடத் தகுந்த காரணம் எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலை என்றால் வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் சம்பள விடுப்பு சேரும். அங்கே தற்செயல் விடுப்பு நிறுவனத்தின் விதிகளையோ ஒப்பந்தத்தையோ பொறுத்தது.

இங்கேதான் நீங்கள் முதலாளியிடம் போய் ஒரே ஒரு வரி மாற்றம் கேட்க வேண்டும்: ‘நோய் விடுப்பைக் குடும்பத்தினர் நோய்க்கும் எடுத்துக்கொள்ளலாம்.’ நாள் கூடவில்லை. ‘எனக்குக் காய்ச்சல்’ என்று பொய் சொல்லி எடுத்துக்கொண்டிருந்த அதே நாள்தான். பொய் சொன்னவருக்கு அன்று போன் செய்து ஃபைல் எங்கே என்று கேட்கவும் முடியாது; உண்மையைச் சொன்னவர் முந்தின நாளே ஒப்படைத்துவிட்டுப் போவார். எங்கள் முதலாளியை அசைத்தது இந்த இரண்டாவது வாதம்தான்.

ஊழியரின் கணவரோ மனைவியோ மத்திய அரசு வேலையில் இருந்தால் அதையும் விசாரியுங்கள். அங்கே பெண்களுக்கும், துணையில்லாமல் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் பணிக்காலம் முழுமைக்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறனாளி ஒருவரை முதன்மையாகக் கவனித்துக்கொள்பவருக்குச் சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு கேட்கவும் வழி இருக்கிறது. வீட்டில் யார் எதை எடுப்பது என்று அவர்கள் கணக்குப் போட இது உதவும்.

நான்காம் படி: நாளாகக் கொடுக்காமல் மணியாகக் கொடுங்கள்

இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். நோயாளி இருக்கும் வீட்டுக்கு நீண்ட லீவ் எப்போதாவதுதான் தேவைப்படுகிறது. அடிக்கடி தேவைப்படுவது ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். நம் ஆபீஸ்களிலோ மாதம் இரண்டு பர்மிஷன், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், அதைத் தாண்டினால் ஹாஃப் டே வெட்டு. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க ஒன்றேகால் மணி நேரம் ஆனவருக்கு நாலு மணி நேர விடுப்பு போகிறது. மார்கழி வருவதற்குள் அவருடைய லீவ் கணக்கு துடைத்து வைத்தாற்போல் இருக்கும். பிறகு எல்லாம் லாஸ் ஆஃப் பே.

12 நாள் தற்செயல் விடுப்பை எட்டு மணிக் கணக்கில் பெருக்கினால் 96 மணி நேரம். விரும்புகிறவர்கள் அதை மணி மணியாக எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். எக்செலில் ஒரு நெடுவரிசை கூடும், அவ்வளவுதான். பயோமெட்ரிக் மென்பொருள் ஒத்துக்கொள்ளாது என்று கணக்குக்காரர் சொல்வார். எங்களுக்கும் சொன்னார். கைப்பட ஒரு நோட்டுப் போட்டுச் சமாளித்தோம்.

தொழிற்சாலையில் ஷிப்ட் சுழற்சிதான் ஆளைக் கொல்லும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்று மாறினால் மருந்து கொடுக்கும் நேரம், வீட்டில் உதவிக்கு வரும் பெண்ணின் நேரம் எல்லாம் குலையும். இப்படிப்பட்டவர்களை ஒரே ஷிப்டில் நிறுத்துங்கள். சிலர் தாங்களாகவே நைட் ஷிப்ட் கேட்பார்கள்: இரவில் வீட்டில் மனைவி இருப்பார், பகலில் தான் இருக்கலாம் என்று. கொடுப்பதற்கு முன் ‘எப்போது தூங்குவீங்க?’ என்று கேளுங்கள். பகல் முழுக்க நோயாளியோடு கண் விழித்தவரை ராத்திரி பவர் பிரஸ் முன்னால் நிறுத்துவது உதவியாகாது, விரல் போய்விடும்.

ஷாப் ஃப்ளோரில் செல்போனுக்குத் தடை இருந்தால், அவசரத்துக்கு வீட்டார் கூப்பிட ஒரு எண் வேண்டும். சூப்பர்வைசர் மேஜை போன் போதும். ஆனால் அந்த எண்ணில் யாராவது எடுக்கிறார்களா என்று நீங்களே ஒருநாள் வெளியிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்.

பேசி முடித்ததை ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, ஈடு செய்வது எப்படி, மறுபடி எப்போது உட்கார்ந்து பேசுவது. மூன்று மாதம் போட்டால் போதும், நோயும் மாறும் ஏற்பாடும் மாறும். வாய்ச்சொல்லாக விட்டால் சூப்பர்வைசர் மாறியதும் எல்லாம் காற்றில் போய்விடும்.

ஐந்தாம் படி: பக்கத்து சீட்டுக்காரர்

‘அவங்களுக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?’ என்ற முணுமுணுப்பு இரண்டாவது வாரமே வரும். காரணத்தைச் சொல்லிச் சமாதானப்படுத்தாதீர்கள். சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ‘இந்த ஏற்பாடு யாருக்கும் உண்டு, தேவைப்படும்போது வாங்க’ என்று சொல்லுங்கள், சொன்னபடி நடங்கள். முணுமுணுத்தவரே ஆறு மாதத்தில் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து வந்து நின்ற கதை என்னிடம் உண்டு. அதோடு, ஒவ்வொரு வேலையும் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜிஎஸ்டி தாக்கல் ஒரே ஆள் கையில் இருந்தது என் தப்பு, அந்தப் பெண்ணின் தப்பில்லை.

இன்னொன்று, இரக்கத்தில் செய்யும் அநியாயம். ‘பாவம், அவருக்கே வீட்ல ஆயிரம் கஷ்டம், இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டாம்’ என்று பிரமோஷன் பட்டியலிலிருந்து நாமே பெயரை எடுத்துவிடுவோம். வீட்டுச் செலவு ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவருடைய சம்பள உயர்வை வெட்டுகிறோம் என்பது நினைவிலேயே இருக்காது. வேண்டுமா வேண்டாமா என்று அவரைக் கேளுங்கள்.

ஆறாம் படி: பணத்துக்கு வழி காட்டுவது

இது முழுக்க உங்கள் மேஜை வேலை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் மட்டுமல்ல, அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. பெற்றோருக்கு வருமான வரம்பு ஒன்று இருக்கிறது. பலருடைய கார்டில் பெற்றோர் பெயரே ஏறியிருக்காது. சேரும்போது அவசரத்தில் மனைவி பெயரை மட்டும் போட்டிருப்பார்கள். ஒரு மதியம் ஒதுக்கி எல்லோருடைய குடும்ப விவரத்தையும் சரிபாருங்கள். பெரிய அறுவை சிகிச்சைக்கெல்லாம் எவ்வளவு காலம் சந்தா கட்டியிருக்கிறார் என்று பார்ப்பார்கள், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

குரூப் மெடிக்ளெய்ம் எடுக்கும் கம்பெனியாக இருந்தால், பெற்றோரைச் சேர்க்கும் வசதியைப் புதுப்பிக்கும்போதே ஏஜென்ட்டிடம் கேளுங்கள். பிரீமியத்தை ஊழியரே கட்டினாலும் லாபம்தான், ஏனென்றால் குரூப் பாலிசிகளில் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்காது. கல்யாணமான பெண் தன் பெற்றோரைச் சேர்ப்பதா மாமனார் மாமியாரைச் சேர்ப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

குடும்பத்தினர் சிகிச்சைக்கு பிஎஃப்-லிருந்து முன்பணம் எடுக்கலாம். படிவம் 31, ஆன்லைனிலேயே போடலாம். சிக்கல் பணத்தில் இல்லை, பெயரில். ஆதாரில் இனிஷியல் பின்னால், பிஎஃப்-ல் முன்னால், பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம் என்று விண்ணப்பம் திரும்பி வரும். அப்பாவை ஐசியுவில் வைத்துக்கொண்டு இதைத் திருத்த அலைய முடியாது. நல்ல நாளிலேயே திருத்தி வையுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு வழி சொல்லுங்கள். வருடத்துக்கு 5 லட்சம் வரை. பழைய வரி முறையில் இருப்பவருக்குப் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தில் 25,000 வரை, அவர்கள் மூத்த குடிமக்கள் என்றால் 50,000 வரை வரிக்குரிய வருமானத்தில் கழிவு. சார்ந்திருப்பவர் மாற்றுத்திறனாளி என்றால் 75,000. பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000. சான்றிதழ் வேண்டும். ஜனவரியில் புரூஃப் கேட்கும் மெயிலில் இந்த இரண்டு கழிவையும் சேர்த்து அனுப்பினால் போதும்.

காசைவிட ஆள் உதவி தேவைப்படும் வீடுகளும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலித் தணிப்பு சிகிச்சையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். மாத்திரை வாங்க நிற்கும் அரை நாள் மிச்சமானாலே உங்கள் ஊழியருக்குப் பெரிய விஷயம். முதியோர் உதவிக்கு 14567, மனம் சோர்ந்தவர்கள் பேச 14416. இரண்டு எண்களையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கழிப்பறைக் கதவின் உள்பக்கமும் ஒன்று ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

ஏழாம் படி: எல்லாம் முடிந்த பிறகு

நோயாளி இறந்துபோனால் நாம் மாலை வாங்கிக்கொண்டு போவோம், பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சாப்பிடுவோம். அவர் வேலைக்குத் திரும்பியதும், ‘இனி உங்களுக்கு ஃப்ரீதானே’ என்று பழைய நேரத்துக்கு மாற்றிவிடுவோம். அவசரப்படாதீர்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் வந்தபின் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு, அதற்கு விஏஓ விசாரணை, தாலுகா அலுவலகம், பேங்க், கேஸ் கனெக்ஷன் பெயர் மாற்றம், அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் என்று வரிசையாக நிற்கும். எல்லாமே காலை பத்திலிருந்து மாலை ஐந்துக்குள் நடக்கிற வேலை.

எங்கள் கணக்குப் பிரிவுப் பெண், காரியம் முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கே சீட்டில் இருந்தார். பதினொன்று வரை கம்ப்யூட்டரை ஆன் செய்யவில்லை. நான் கேட்கவில்லை. அந்த ஒரு பக்கத் தாளை இன்னும் இரண்டு மாதத்துக்கு நீட்டி எழுதி, சாப்பாட்டு நேரத்தில் அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். வாரிசுச் சான்றிதழ் கிடைக்க அதில் முக்கால்வாசி செவ்வாய்க்கிழமைகள் தேவைப்பட்டன.